பழைய செடான்ல பின் சீட்டை மடியற மாதிரி மாத்தினேன், ஆனா மடிக்கறதை விட பூட்டறதுலதான் வேலை அதிகம்

அம்மாவை வெளிய கூட்டிட்டுப் போகணும்னா வீல்சேர் மட்டும் பத்தாது, போற எடத்துல படி இருந்தா ராம்ப்பும், அதாவது சக்கரம் ஏற சாய்வுப் பாதையும் வேணும். வீல்சேர் ராம்ப்புக்குப் பொதுவா சொல்ற கணக்கு 1:12, அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். அந்த நீளத்துல ராம்ப்பா போட ரெண்டு அலுமினிய சேனல் எங்ககிட்ட இருக்கு. வீல்சேரை மடக்கினா டிக்கிக்குள்ள போயிடும், சேனல் போகவே போகாது, ஏன்னா எங்க கார் 90களோட தொடக்கத்துல வந்த செடான், பின் சீட்டு மடியாது. கூரை மேல கேரியர் போட்டுக் கட்டலாம்தான், ஆனா நான் இல்லாதப்ப அம்மாவை கூட்டிட்டுப் போறது தங்கச்சி, அவளால ஒவ்வொரு தடவையும் அதை தலைக்கு மேல தூக்கி ஏத்தி இறக்க முடியாது. அதனால பின் சீட்டையே மடியற மாதிரி மாத்திட்டேன், ரொம்ப நாளா நல்லா ஓடிட்டும் இருக்கு. இதே யோசனையில இருக்கறவங்களுக்கு உதவும்னு நினைச்சு தெரிஞ்சதை எல்லாம் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

எடுத்தவுடனே முக்கியமானதைச் சொல்லிடறேன். பின் சீட்டோட முதுகுப் பகுதி சாஞ்சு உக்கார்றதுக்கு மட்டும் இல்ல. டிக்கியில கிடக்கற சாமானுக்கும் உள்ள உக்காந்திருக்கற ஆளுக்கும் நடுவுல இருக்கற சுவர் அதுதான். மடியாத சீட்டுன்னா அந்த சுவர் பாடியிலயே மாட்டியிருக்கும், பல கார்ல அதுக்குப் பின்னாடி இரும்புத் தகடும் இருக்கும். அதை மடியற மாதிரி மாத்தறோம்னா சுவரைக் கதவா மாத்தறோம்னு அர்த்தம், அந்தக் கதவு மூடியிருக்கும்போது பழைய சுவர் அளவுக்கு உறுதியா நிக்கணும். மடிய வைக்கறதுக்கு கீல் போட்டா போதும், நிமிர்ந்து நிக்கும்போது பூட்டி நிறுத்தறதுக்குத்தான் யோசனை, உழைப்பு எல்லாமே வேணும்.

இதுல எவ்வளவு விசை வரும்னு ஒரு அளவுக்குத் தெரிஞ்சுக்கலாம். ஐக்கிய நாடுகளோட வாகன விதிகள்ல சீட்டுக்குன்னு 17ஆம் எண் ரெகுலேஷன் இருக்கு, அதுல டிக்கி சாமான் டெஸ்ட்னு ஒண்ணு. 30 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி ரெண்டு, ஒவ்வொண்ணும் 18 கிலோ, சீட்டுக்குப் பின்னாடி வச்சு 50 கிலோமீட்டர் வேகத்துல மோதினா எப்படியோ அந்த மாதிரி வண்டியை நிறுத்துவாங்க, சீட்டு முதுகு நின்ன எடத்துல நிக்கணும், லாக் விடக்கூடாது. 50 கிலோமீட்டர் வேகம்னா கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா ஒரு பொருள் சுமார் 10 மீட்டர் உயரத்துலேர்ந்து விழுந்து தரையைத் தொடும்போது என்ன வேகமோ அதே வேகம் அது. மூணு மாடி மேலேர்ந்து ரெண்டு 18 கிலோ பெட்டி அம்மா முதுகுக்குப் பின்னாடி வந்து விழுதுன்னு நினைச்சுப் பாத்தா ரெண்டு சின்ன தாழ்ப்பாளும் நாலு ஸ்க்ரூவும் போட்டு முடிக்கற எண்ணம் யாருக்கும் வராது. அமெரிக்காவோட 207ஆம் எண் ஸ்டாண்டர்டுலயும் மடியற சீட்டுக்கு தானா பூட்டிக்கற லாக் இருக்கணும், கையால விடுவிக்க ஒரு லீவர் இருக்கணும், 20ஜி விசை வந்தாலும் லாக் விடக்கூடாதுன்னு இருக்கு. 20ஜின்னா 10 கிலோ சீட்டு முதுகு தன்னோட எடையாலயே 200 கிலோ மாதிரி முன்னாடி இழுக்கும், சாமானே இல்லன்னாலும்.

சரி, வேலைக்கு வரேன். யாரா இருந்தாலும் முதல் வேலை சீட்டைக் கழட்டி பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கறதுதான், அதைப் பாக்காம ஒரு ஸ்பேர் பார்ட் கூட வாங்காதீங்க. பெரும்பாலான பழைய கார்ல கீழ் குஷன் முன் பக்கம் ரெண்டு கிளிப்புல மாட்டியிருக்கும், முன் விளிம்புல கை விட்டு மேல சட்டுனு ஒரு இழு இழுத்தா வந்துடும், சிலதுல பின்னாடி அழுத்திட்டு தூக்கணும். முதுகுப் பகுதிக்கு அடியில ரெண்டு மூணு போல்ட், அதைக் கழட்டிட்டு முதுகை நேரா மேல தூக்கினா கொக்கியிலேர்ந்து வெளிய வரும். சைடு ஏர்பேக் இருக்கற கார்னா பேட்டரியைக் கழட்டி சர்வீஸ் மேனுவல்ல சொல்ற நேரம் வரைக்கும் விட்டுட்டு அப்புறம் தொடுங்க. எங்க கார்ல ஏர்பேக்கே கிடையாது, அதனால அந்தக் கவலை இல்ல.

பின்னாடி என்ன இருக்கும்னா, ஒரு வகையில வெறும் அட்டை போர்டு ஒட்டியிருக்கும், அதைக் கிழிச்சா நேரா டிக்கி தெரியும். இன்னொரு வகையில அந்தத் திறப்புக்குக் குறுக்கால தகட்டுலயோ குழாய்லயோ குறுக்குப் பட்டை இருக்கும். மூணாவது வகையில முழுசா அழுத்தி வடிவமைச்ச தகடு, சுத்தி ஸ்பாட் வெல்டிங். இந்த ரெண்டாவது மூணாவது வகையில கிரைண்டரை எடுக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். அந்தத் தகடு வண்டியோட பின் பாதி முறுக்காம பிடிச்சு வைக்குது, ஒரு பக்க சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கும்போது பாடி முறுக்கிக்காம இருக்க உதவறது அதுவும்தான், வெட்டிட்டா கதவு இடைவெளி மாறும், கண்ணாடி ஓரத்துல விரிசல் வரலாம், விபத்துல பின் பகுதி எப்படி நசுங்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. செடான்லயே மடியற சீட்டு வச்சு வந்த மாடல்கள்ல கம்பெனிக்காரங்க அந்தத் திறப்பைச் சுத்தி தடிமனான வளையம் மாதிரி ஃப்ரேம் கொடுத்துதான் ஈடு கட்டியிருப்பாங்க.

நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுல பேச்சே இல்ல. சில கார்ல பெட்ரோல் டேங்க் சீட்டு முதுகுக்குப் பின்னாடி நிமிர்ந்து நிக்கும். மெர்சிடிஸ் டபிள்யூ 123, டபிள்யூ 124 செடான் ரெண்டுலயும் அப்படித்தான், பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல டேங்க். அங்க மடிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, அந்த எண்ணத்தை விட்டுடணும். அதே மாதிரி பேட்டரி பின் சீட்டுக்கு அடியில இருக்கற வண்டியும் இருக்கு, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அதுக்குப் பேர் போனது. அதுல பேட்டரி மேல மூடி இல்லாம சீட்டு ஸ்பிரிங் டெர்மினல்ல பட்டா தீயே பிடிக்கும், சீட்டுல எந்த வேலை செஞ்சாலும் முதல்ல அந்த மூடியைப் பாருங்க.

எங்க கார்ல முதல் வகை. அட்டை போர்டை எடுத்ததும் சுத்தி நல்ல மடிப்பு வச்ச ஃப்ரேம், குறுக்குப் பட்டை எதுவும் இல்ல. அதோட மேல் ரெண்டு மூலையிலயும் ரப்பர் ப்ளக் அடிச்சு மூடின ஓட்டைங்க இருந்துச்சு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள வெல்டிங் பண்ணின நட்டு. அப்பதான் நிம்மதியாச்சு. இதே பாடியில உயர்ந்த வேரியன்ட் ஒண்ணு 60:40ஆ, அதாவது அகலத்துல பெருசு சின்னதுன்னு ரெண்டு பாகமா பிரிஞ்சு தனித்தனியா மடியற சீட்டோட வந்திருந்தது, ரெண்டுக்கும் ஒரே பாடியை அடிச்சிருக்காங்க, எங்களோடதுல சீட்டை மட்டும் மலிவா போட்டுட்டு ஓட்டையை மூடிட்டாங்க. உங்க காருக்கும் இப்படி ஒரு அண்ணன் வேரியன்ட் இருந்தா பாதி வேலை கம்பெனியே செஞ்சு வச்சிருக்கும். பார்ட்ஸ் கேட்டலாக்ல ரெண்டு வேரியன்ட்டோட பாடி தகடு நம்பரும் ஒண்ணா வேறயான்னு பாருங்க, அதுதான் சரியான பதில், கண்ணால பாக்கறதை விட.

அதனால நான் தேடினது காயலான் கடையில அந்த வேரியன்ட்டோட முழு பின் சீட்டு செட். முழு செட்டுன்னு அழுத்திச் சொல்றேன். சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்தா பத்தாது, ரெண்டு பக்க கீல், நடு பிராக்கெட், லாக் கவ்வற கம்பி வளையம் ரெண்டு, அதோட போல்ட், பெல்ட் பக்கிள், டிக்கி பக்கத்து கார்ப்பெட் வரைக்கும் அதே வண்டியிலேர்ந்து எடுக்கணும். கழட்டும்போது போட்டோ எடுத்துக்கங்க, எந்த வாஷர் எந்தப் பக்கம்னு அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பின்னாடி அடிபட்ட வண்டியோட சீட்டை வாங்காதீங்க, ஃப்ரேம் ஒரு சென்டிமீட்டர் வளைஞ்சிருந்தா கூட கண்ணுக்குத் தெரியாது, லாக் மட்டும் ஒரு பக்கம் கவ்வும் ஒரு பக்கம் கவ்வாது. வெள்ளத்துல நின்ன வண்டியும் வேண்டாம், ஃபோம் உள்ள ஈரம் உக்காந்து லாக் உள் ஸ்பிரிங் துருப்பிடிச்சிருக்கும்.

லாக்கை கையில வச்சு டெஸ்ட் பண்றது ரொம்ப சுலபம். உள்ள ஒரு கொண்டி சுழலும், அதை ஒரு ஸ்க்ரூடிரைவர் தண்டால அழுத்தினா ரெண்டு தடவை டிக் டிக்னு சத்தம் வரும், சிலதுல ஒரே தடவை. முழுசா மூடின பிறகு ஸ்க்ரூடிரைவரைப் பிடிச்சு நல்லா இழுங்க, பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, அசைவு இருக்கலாம் ஆனா விடக்கூடாது. லீவரைத் தூக்கினா சட்டுனு திறக்கணும், லீவரை விட்டதும் தானா பழைய எடத்துக்கு வரணும், மெதுவா வந்தா உள்ள பழைய கிரீஸ் கெட்டியாகி இருக்கு. மண்ணெண்ணெய் மாதிரி எதுலயாவது கழுவி துடைச்சு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சமா போட்டா சரியாயிடும். பல லாக்ல பட்டன் பக்கத்துல சிவப்பு அடையாளம் ஒண்ணு இருக்கும், சரியா பூட்டலன்னா சிவப்பு தெரியும், பூட்டினா மறைஞ்சிடும். அந்த சிவப்பு இருக்கற லாக்கா பாத்து எடுங்க, இன்னிக்கு வரைக்கும் தங்கச்சி வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்கறா.

ரெண்டு மூலையிலயும் கம்பி வளையம் நட்டுல அப்படியே உக்காந்துடுச்சு. வெளிப்பக்கக் கீலுக்கும் சக்கர வளைவு ஓரத்துல ஓட்டை இருந்தது. இல்லாதது நடு பிராக்கெட்டுதான். 60 பக்கமும் 40 பக்கமும் சேர்ற எடத்துல தரையிலேர்ந்து ஒரு பிராக்கெட் எழும்பி ரெண்டு முதுகோட உள் முனையையும் தாங்கும், அந்த வேரியன்ட்ல அதுக்குன்னு தரையில தடிமனான தகடு வெல்டிங் பண்ணியிருந்தாங்க, எங்களோடதுல அந்த எடத்துல வெறும் தரைத் தகடு. மெல்லிசு, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அதுல வெறுமனே ஓட்டை போட்டு போல்ட் மாட்டினா தினம் தினம் ஆடி ஆடி ஓட்டை நீண்டுடும், மோதல் வந்தா போல்ட் தலை தகட்டைக் கிழிச்சுட்டு வெளிய வந்துடும்.

இந்த எடத்துல டிங்கரிங் பண்ற அண்ணன் ஒருத்தர் உதவினார், நல்ல வேலைக்காரர். தரையைக் காட்டினதும் அவர் மேல பாக்கவே இல்ல, நேரா வண்டிக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சார். "தம்பி, இதுக்கு நேர் கீழ டேங்க் இருக்கு, பக்கத்துலயே பிரேக் பைப் போகுது. டேங்க்கை இறக்காம நான் இதுல டிரில்லே வைக்க மாட்டேன், வெல்டிங் அப்புறம்"னார். "டேங்க் காலிதாண்ணே, ரிசர்வ்லதான் வந்தேன்"னேன். "காலி டேங்க்தான் தம்பி வெடிக்கும், நிறைஞ்ச டேங்க்ல காத்து இல்ல, காலில பெட்ரோல் ஆவியும் காத்தும் கலந்து நிக்குது"ன்னார். அது அப்படியே உண்மை, பெட்ரோல் திரவமா எரியறது இல்ல, ஆவிதான் காத்தோட கலந்து எரியுது. டேங்க்கை இறக்கி ஷெட்டுக்கு வெளிய தூரமா வச்சு வாயெல்லாம் மூடி, பெட்ரோல் பைப் முனையையும் மூடி, பேட்டரியைக் கழட்டி, தரையில ஒட்டியிருந்த தார் ஷீட்டை சுரண்டி எடுத்துட்டு, தீயணைப்பான் பக்கத்துல ஒரு ஆளை நிக்க வச்சுதான் வேலையைத் தொடங்கினார். அந்த தார் ஷீட்டை விட்டுட்டு வெல்டிங் பண்ணா அது உருகி எரிஞ்சு புகைஞ்சு அணைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

பிராக்கெட் உக்கார்ற எடத்தை அளவு டேப் வச்சு முடிவு பண்ண முடியாது, தரை எங்கயும் சமமா இல்ல. நாங்க செஞ்சது இப்படி. ரெண்டு முதுகையும் வெளிக்கீல்ல மாட்டி மேல லாக்குல பூட்டி நிமிர்த்தி நிறுத்தினோம், நடு முனை ரெண்டும் அந்தரத்துல தொங்கும் இல்ல, அதுக்கு அடியில பிராக்கெட்டை வச்சு முதுகு சுழல்ற கீல் கம்பியை செருகி, தரைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிக்கு அட்டையை வெட்டி வெட்டி வச்சுப் பாத்தோம். அட்டை சரியா உக்காந்ததும் அதை மாதிரியா வச்சு 3 மில்லிமீட்டர் தகட்டுல வெட்டினார். இந்த வரிசை முக்கியம். லாக் பூட்டின நிலையில பிராக்கெட்டை முடிவு பண்ணா லாக்குக்கு எந்த இழுவையும் இருக்காது. தலைகீழா, முதல்ல கீலை எல்லாம் இறுக்கிட்டு அப்புறம் லாக்கை இழுத்துப் பூட்டினா தினம் அடிச்சு அடிச்சுதான் மூடணும், ஒரு நாள் பாதி கவ்வி நிக்கும்.

தரைக்கு மேல ஒரு 3 மில்லிமீட்டர் தகடு, கீழ அதை விடப் பெருசா இன்னொண்ணு, உள்ளங்கை அகலத்துக்கு, மூலைகளை வட்டமா தேச்சு. கூரான மூலை இருந்தா மெல்லிய தரையை அதுவே கத்தி மாதிரி வெட்ட ஆரம்பிச்சுடும். மேல் தகட்டை வெல்டிங், கீழ் தகட்டை போல்ட்ல சாண்ட்விச் பண்ணினோம், போல்ட் 8.8 கிரேடு, தலையில நம்பர் அடிச்சிருக்கும், நம்பர் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். நைலான் வளையம் வச்ச லாக் நட். அப்புறம் துருப்பிடிக்காத பிரைமர், சுத்தி சீம் சீலர், அடிப்பக்கம் அண்டர்கோட்டிங், உள் குழியில மெழுகு ஸ்பிரே. வெல்டிங் பண்ணின எடம்தான் முதல்ல துருப்பிடிக்கும், அங்க சோம்பல் பட்டா நாலு மழைக்கு அப்புறம் தெரிஞ்சிடும்.

இப்ப மடிச்சா எப்படி விழும்ங்கற விஷயம். முதுகு குஷன் மேலயே விழற மாதிரி இருந்தா குஷன் உயரமும் முதுகோட தடிமனும் சேந்து மேடாயிடும், டிக்கி தரைக்கும் அதுக்கும் நடுவுல படி மாதிரி நிக்கும். இதை சமமாக்கணும்னா குஷன் முதல்ல முன்னாடி புரண்டு நிக்கணும், அந்தக் குழியில முதுகு விழணும், ஹேட்ச்பேக் பலதுல பாத்திருப்பீங்க. 2001ல வந்த ஹோண்டா ஃபிட்ல பின் சீட்டு அவ்வளவு தாழ இறங்கறதுக்குக் காரணமே பெட்ரோல் டேங்க்கை முன் சீட்டுக்கு அடியில கொண்டு போனதுதான், பின்னாடி தரை காலியாச்சு. நம்ம பழைய செடான்ல டேங்க் குஷனுக்கு அடியில உக்காந்திருக்கறதால தரையை இறக்கவே முடியாது. எனக்கு சமதளம் தேவைப்படல, சேனல் சாய்வா கிடந்தாலும் சரிதான், அதனால குஷனை அப்படியே விட்டுட்டேன். சமமா வேணும்னா டிக்கி தரையை 12 மில்லிமீட்டர் பிளைவுட்ல மேடை போட்டு உயர்த்தலாம், ஸ்டெப்னி எடுக்க வழி விட்டு. அப்புறம் முதுகோட உயரம் ஹெட் ரெஸ்ட்டோட சேத்து எவ்வளவு, முன் சீட்டு வழக்கமா இருக்கற எடத்துல அதுக்கு இடைவெளி எவ்வளவுன்னு வாங்கறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க, உயரமான ஆள் ஓட்டற வண்டின்னா ஓட்டுநர் பக்கம் பெரும்பாலும் இடிக்கும். நாங்க மடிக்கற 40 பகுதி ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால தப்பிச்சோம்.

சீட் பெல்ட்டுல நான் ரொம்ப கண்டிப்பா இருந்தேன். பழைய கார்ல பின் பக்க பக்கிள் குஷனுக்கும் முதுகுக்கும் நடுவுல இருக்கற சந்துல வெளிய வரும். முதுகு மடிஞ்சு நிமிரும்போது பக்கிள் உள்ள மாட்டிக்கும், இல்ல பெல்ட் பட்டை முதுகுக்குப் பின்னாடி போய் சிக்கிக்கும், அதோட சேத்து பூட்டினா லாக்கும் சரியா கவ்வாது, பெல்ட்டும் மடிப்பு விழுந்து கிழிய ஆரம்பிக்கும். அந்த வேரியன்ட்ல பக்கவாட்டு டிரிம்ல ஒரு சின்ன கொக்கி இருக்கு, மடிக்கறதுக்கு முன்னாடி பெல்ட்டை அதுல ஒதுக்கி வைக்கறதுக்கு, அதையும் மறக்காம எடுத்துட்டு வந்தேன். பெல்ட் நங்கூரப் போல்ட் பெரும்பாலான கார்ல 7/16 இஞ்சு, இஞ்சுக்கு 20 மரை உள்ள நுண்மரை போல்ட். மெட்ரிக் 11 மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட அதே பருமனா தெரியும், ஆனா மரை வேற, கையால ரெண்டு சுத்து போற மாதிரி தெரிஞ்சாலும் ஸ்பேனர் வச்சு திணிச்சா வெல்டிங் நட்டோட மரையே போயிடும். பழைய போல்ட்டையே திருப்பிப் போடுங்க, கம்பெனி சொன்ன டார்க்குல, அதாவது முறுக்கு விசை அளவுல இறுக்குங்க, அந்த போல்ட்டோட சேத்து பிராக்கெட்டோ கீலோ வேற எதையும் மாட்டாதீங்க, அது பெல்ட்டுக்கு மட்டும்.

நடு ஆளோட பெல்ட்டு எங்களுக்கு ரெண்டு முனையும் தரையில மாட்டின இடுப்பு பெல்ட், அதனால தொல்லை இல்ல. குழந்தை சீட்டு மாட்டற குடும்பம்னா அதோட மேல் பட்டை எங்க மாட்டியிருக்குன்னு பாருங்க, பாடியில மாட்டியிருந்தா சரி, முதுகுலயே மாட்டற டைப்புன்னா உங்க லாக்குதான் குழந்தையையும் பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

சீட்டு உறை மாத்தறது எல்லாம் சுலபம்தான். வந்த சீட்டு வேற கலர், சீட் டெய்லர் பழைய உறையைப் பிரிச்சு ரெண்டா வெட்டி ஓரம் தச்சு, சி வளையம் போட்டு இறுக்கிக் கொடுத்தார். முதுகோட டிக்கி பக்கத்துல இரும்புத் தகடு இருந்துச்சு, அதை எடுத்துட்டு பிளைவுட் போடலாமான்னு கேட்டார், எடை குறையுமாம். வேண்டாம்னுட்டேன்.

நிறைய பேர் நினைச்சே பாக்காதது புகை. முன்னாடி டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவுல தடுப்பு இருந்தது, இப்ப காத்து தாராளமா போய் வரும். டிக்கி மூடியோட ரப்பர் பீடிங் பழசாகி நசுங்கியிருந்தா சைலன்ஸர் புகை டிக்கிக்குள்ள வந்து நேரா பின் சீட்டு ஆளுகிட்ட வரும். அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, தலைவலி தூக்கம்னு ஆரம்பிச்சு ஆளையே சாய்ச்சுடும், வயசானவங்களுக்கு இன்னும் ஆபத்து. ஒரு காகிதத் துண்டை பீடிங்ல வச்சு டிக்கியை மூடிட்டு இழுத்துப் பாருங்க, இறுக்கிப் பிடிக்கணும், சுலபமா உருவிட்டு வந்தா அந்த எடம் சீல் ஆகல. சுத்தி ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் இதைச் செய்யணும். எங்களோடதுல கீழ் ஓரம் முழுக்க நசுங்கி இருந்தது, புது பீடிங் போட்டுட்டோம், டிக்கி தரையில இருந்த ரப்பர் ப்ளக்குங்க, பின் லைட்டுக்குப் பின்னாடி இருக்கற கேஸ்கெட் எல்லாம் பாத்து மாத்தினோம், சைலன்ஸர் ஜாயின்ட்டையும் பாத்தாச்சு. பேட்டரியில ஓடற சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு பின்னாடி மாட்டியிருக்கு. நீளமான சாமான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்க டிக்கியைத் திறந்தபடி ஓட்டறது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, ஓடற வண்டிக்குப் பின்னாடி காத்து சுழன்று புகையை உள்ளயே இழுக்கும். பெட்ரோல் ஊத்தற குழாய் டிக்கி ஓரமா போற வண்டியில அந்த ரப்பர் ஹோஸையும் மாத்திடுங்க, பெட்ரோல் வாசனை இனி நேரா உள்ள வரும்.

ஓட்டும்போது கடகடன்னு சத்தம் வந்தா லாக்கை மாத்த ஓடாதீங்க. கம்பி வளையத்துல போல்ட் ஓட்டை கொஞ்சம் நீளமா இருக்கும், அதைத் தளர்த்தி ஒரு மயிரிழை பின்னாடி தள்ளி இறுக்கினா முதுகு ரப்பர் முட்டுல அழுந்தி உக்காரும். அந்த ரப்பர் முட்டு இல்லாம சத்தம் நிக்கவே நிக்காது.

மடிச்சு வச்சு சாமான் ஏத்தற நாள்ல அந்தப் பக்கம் சுவரே இல்லங்கறதை மறக்கக் கூடாது. அலுமினிய சேனல் முனை கூரா இருக்கும், பக்கத்துலயே அம்மா. அதனால டிக்கி தரையில ரெண்டு கொண்டி வளையம், அதே மாதிரி கீழ பெரிய தகடு வச்சு மாட்டி, ராட்செட் பட்டையால சேனல் ரெண்டையும் சேத்துக் கட்டி பின்பக்கமா இழுத்துப் பிடிக்கற மாதிரி கட்டறோம். கீழ அழுத்திக் கட்டறது மட்டும் போதாது, பிரேக் அடிக்கும்போது சாமான் போற திசை முன்னாடிதான், அந்த திசையைத் தடுக்கற கட்டு வேணும். சேனல் முன் முனை ஓட்டுநருக்குப் பக்கத்து முன் சீட்டோட முதுகுல முட்டற மாதிரி சீட்டை நகர்த்தி வச்சுக்கறோம், அன்னிக்கு அந்த சீட்டுல யாரும் உக்கார மாட்டாங்க. வீல்சேரோட சொந்த பிரேக்கை நம்பி விடாதீங்க, அது சக்கரம் உருளாம பிடிக்கும், வீல்சேர் சறுக்கறதைப் பிடிக்காது, அதையும் தனியா கட்டணும்.

செய்யறதுக்கு முன்னாடி உங்க ஊர் வாகனச் சட்டத்துல சீட்டு அமைப்பு மாத்தறதுக்கு அனுமதி தேவையா, ஆய்வு உண்டான்னு கேட்டுக்கங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல தெரிவிச்சுடுங்க. கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்த பார்ட்டை அப்படியே மாட்டினேன்னு பார்ட் நம்பரோட காட்ட முடிஞ்சா பேச்சு சுலபமா முடியும், சொந்தமா செஞ்ச கீல் லாக்குன்னா தகுதியுள்ள இன்ஜினியர் பாத்து எழுதிக் கொடுக்கணும்னு கேப்பாங்க, கேக்கறதும் நியாயம்.

அண்ணன் வேரியன்ட் இல்லாத வண்டி, இல்ல குறுக்குத் தகடு உள்ள வண்டி வச்சிருக்கறவங்க என்ன பண்ணலாம்னா, நீளமான மெல்லிய சாமான் மட்டும்தான் தேவைன்னா நடு கை தாங்கிக்குப் பின்னாடி சின்ன திறப்பு இருக்கான்னு பாருங்க, சில கார்ல உறைக்கு உள்ள அந்த ஓட்டை ஏற்கெனவே இருக்கும், பனிச்சறுக்கு கட்டை போக வச்சது. அதுவும் இல்லன்னா கூரை கேரியர்தான், இல்ல மடியற ரகத்துல ராம்ப் வாங்கறது. பின் சீட்டு லாக்கை கதவு தாழ்ப்பாள், கேட்டு கொண்டி இதெல்லாம் வச்சு செஞ்சு தரேன்னு சொல்றவங்க இருக்காங்க, பாக்க நேர்த்தியாவும் இருக்கும், தயவுசெஞ்சு வேண்டாம்.

மாட்டி முடிச்சதும் விட்டுடாதீங்க. கொஞ்ச நாள் ஓட்டினப்புறம் குஷனைத் தூக்கி பிராக்கெட் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சு வச்சு மறுபடி பாத்தோம், மேல் தகட்டைச் சுத்தி பெயின்ட்ல மயிரிழை விரிசல் இருக்கான்னும் பாத்தோம், விரிசல் இருந்தா அடியில தகடு அசையுதுன்னு அர்த்தம். போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேத்து வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், போல்ட் லேசா திரும்பினாலும் கோடு உடைஞ்சு தெரியும். சர்வீஸ் விடற ஒவ்வொரு தடவையும் அதைப் பாத்துட்டு, லாக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முதுகை மேல பிடிச்சு முழு பலத்தோட முன்னாடி இழுத்துப் பாத்துட்டுதான் குஷனைத் திரும்ப மாட்டறேன்.